நாற்காலியில் போர்த்திய தோல்

கேள்வி: பழைய ஐரோப்பிய ஓவியங்களில் தோலுரிப்பது, தலையை வெட்டுவது என்று இத்தனை கொடூரம் ஏன்? ரசிக்கவா வரைந்தார்கள்?

பதில்: ரசிக்க அல்ல, உறைக்க! புனிதர்களின் உயிர்த்தியாகத்தை வரைந்தது பக்தர்களுக்கு நெஞ்சுரம் ஊட்ட. தண்டனைகளை வரைந்தது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பயம் காட்ட. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகர மன்றத்துக்காக ஜெரார்ட் டேவிட் 1498-ல் வரைந்த ‘கம்பீசஸின் தீர்ப்பு’ இரண்டாவது வகை. லஞ்சம் வாங்கித் தீர்ப்பை விற்ற நீதிபதி சிசம்னஸை, பாரசீக மன்னன் கம்பீசஸ் உயிரோடு தோலுரிக்கச் செய்கிறான். மேஜையில் கட்டப்பட்டுக் கிடக்கிறார் நீதிபதி. காலில் தோலை உரிப்பவன், இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் கத்தியைப் பல்லில் கடித்திருக்கிறான். சுற்றி நிற்கும் பெரிய மனிதர்கள் முகத்தில் சலனமே இல்லை. பின்னணியில், அந்தத் தோலைப் போர்த்திய நாற்காலியில் அடுத்த நீதிபதி அமர்ந்திருக்கிறார். அவர் வேறு யாருமல்ல, சிசம்னஸின் மகன்!

இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் புரூஜ் நகர மன்றத்தார் வழக்குகளை விசாரித்தார்கள். அந்தத் தண்டனை எந்தக் காலத்திலும் வேண்டாம். ஆனால் அந்த எச்சரிக்கை, தீர்ப்பு சொல்லும் ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே இன்றும் வேண்டும்.