வெண்கலக் கடையில் ஒரு வேலப்பன்சாவடிக்காரர்

தங்கை கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தாம்பாளம் எடுக்கக் குடும்பமே பாத்திரக் கடைக்குப் போயிருக்கும். அம்மா எடை கேட்பார், அப்பா விலை கேட்பார். இவர் மட்டும் ஒவ்வொரு தாம்பாளத்தையும் விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பை நகத்தால் சுண்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இதுல நீளம் இல்லம்மா, டப்புனு செத்துடுது" என்பார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. அம்மாவுக்கு விளங்கும். சுபகாரியத்துக்கு வந்த இடத்தில் 'செத்துடுது' என்று சொன்னதற்காக நடுமண்டையில் ஒரு குட்டு விழும்.

வேலப்பன்சாவடியை நடுவில் வைத்துப் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று ஒரு வட்டம் போட்டால், இந்த ரக டிரம்மர் ஏரியாவுக்கு ஒருவர் தேறுவார். வாரநாளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட். சனிக்கிழமை மாலை நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி. ஞாயிறு காலை சர்ச். ஆடி பிறந்தால் திருவேற்காட்டுப் பக்கம் பம்பைக்கும் உடுக்கைக்கும்தான் மவுசு என்பதால் அந்த மாதம் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வில் இவர் செய்யும் வேலை, விலை கம்மியாகவும் கேட்க நன்றாகவும் இருக்கும் சிம்பல் தேடுவது. மற்ற பதினோரு மாதமும் அதே வேலைதான்.

சின்ன ஆசையாகத் தெரியும், சின்னது அல்ல. டிரம் மட்டமாக இருந்தால் தோலை மாற்றலாம், சாவி போட்டுச் சுருதி பிடிக்கலாம், பேஸ் டிரம்முக்குள் பழைய தலையணையைத் திணித்து ஒப்பேற்றலாம். சிம்பலில் திருகுவதற்கு ஒன்றுமே கிடையாது. வாங்கிய அன்று என்ன சத்தமோ, பேரப்பிள்ளை காலத்திலும் ஏறக்குறைய அதே சத்தம். அதிலும் மலிவு டிரம் செட்டோடு இனாமாக வரும் பித்தளைத் தட்டு இருக்கிறதே, வெண்கலக் கடையில் புகுந்த யானைகூட அதைக் கேட்டால் வெளியே வந்துவிடும்.

இவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் உலோகவியல் ஆரம்பிக்கும். கீழ்வரிசையில் பித்தளை, அதாவது தாமிரமும் துத்தநாகமும். மைனல் எச்சிஎஸ், சேபியன் எஸ்பிஆர் எல்லாம் இந்த ரகம். சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும், மேலே மினுமினுப்புக் குறைவு. அடுத்த படி பி8: நூற்றில் 92 பங்கு தாமிரம், 8 பங்கு வெள்ளீயம். தகடாக உருட்டி வந்ததை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். உச்சியில் பி20, 80க்கு 20. வெள்ளீயம் இவ்வளவு ஏறிவிட்டால் உலோகம் பட்டென்று உடையும் குணத்துக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனியாக வார்த்து, சூட்டோடு சூடாக உருட்டி, தண்ணீரில் தோய்த்து, சுத்தியலால் தட்டி, கடைசல் பிடிக்க வேண்டும். பி8 பிஸ்கெட் மாதிரி, அச்சில் ஒன்றுபோல் விழும். பி20 தோசை மாதிரி, ஒரே கல்லில் வார்த்தாலும் ஒன்றுபோல் இன்னொன்று வராது. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த மெனக்கெடலுக்குத்தான்.

அடுத்து சரித்திரம். 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் அவெடிஸ் என்ற ஆர்மீனியர் சில்ஜியன் கம்பெனியைத் தொடங்கியது (தங்கம் செய்யப் போய்ச் சிம்பல் வந்தது என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை), 1929இல் தொழில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது, தகப்பனார் காலமான பிறகு அண்ணன் ஆர்மண்டுக்கும் தம்பி ராபர்ட்டுக்கும் பாகப்பிரிவினை வந்தது, எல்லாம் இவருக்குத் தேதியோடு அத்துப்படி. கனடாத் தொழிற்சாலையைப் பங்காகப் பெற்ற தம்பி, 1981இல் தன் பிள்ளைகள் சாலி, பில், ஆண்டி மூவரின் பெயரிலும் எழுத்தெடுத்து 'சேபியன்' என்று போர்டு மாட்டினார். "நம்ம மாங்காட்டுப் பெரியப்பா வீட்லயும் இதே பிரச்சினைதாண்டா" என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் கீபோர்டு பையன், "அதுல உங்களுக்குத் தட்டு ஏதாச்சும் வந்துச்சாணா?" என்பான்.

இந்த ரகத்தில் ஒரு கிளைப் பிரிவு உண்டு. 'பி20 இல்லேன்னா தொடவே மாட்டேன்' என்று சபதம் போட்டுவிட்டு, எதையும் தொடாமலே ரிட்டையர் ஆகிறவர்கள். நம்மவர் அவ்வளவு மடி பார்ப்பதில்லை. பைஸ்டி கம்பெனியின் 2002 வரிசை 1971இல் வந்தது, அது பி8 உலோகம்தான், லெட் செப்பெலின் ஜான் போனமே அதைத்தான் அடித்தார் என்று எடுத்துவிடுவார். உலோகம் பாதி, அதைத் தட்டிய கை பாதி என்பது இவர் கட்சி. கட்சி சரியானதுதான். ஆனால் பைஸ்டி 2002இன் விலையைக் கேட்டதும் அந்தக் கட்சியிலிருந்தும் விலகிவிடுவார்.

உள்ளூர்த் தீர்வு ஒன்றும் கைவசம் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிலேயே வெள்ளீயம் தூக்கலான வெண்கலக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. ஜால்ராவும் கோவில் மணியும் அதே சொந்தபந்தம்தான். அப்புறம் எதற்குத் துருக்கியும் கனடாவும்? நாச்சியார்கோவில் பட்டறையில் சொல்லி 16 அங்குலத்தில் ஒரு கிராஷ் சிம்பல் போட்டு வாங்கிவிட்டால் தீர்ந்தது. குத்துவிளக்கை வார்ப்பது வேறு, மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டை உருட்டி எடுப்பது வேறு என்று யாராவது சொன்னால், "நீ ஒருத்தன்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

கடைக்குப் போகும்போது சொந்தக் குச்சியோடு போவார். 1842இல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல் உள்பட, நகரத்தில் இவர் குச்சி படாத சிம்பல் குறைவு. முதலில் நுனியால் நடுப்பரப்பில் மெதுவாக ஒரு தட்டு. பிறகு நடுக் குமிழில் ஒன்று. கடைசியாக விளிம்பைச் சாய்வாகத் தழுவி ஓர் அடி. அடித்ததும் பத்தடி தள்ளிப் போய் நின்று, கடைப்பையனை அடிக்கச் சொல்லிக் கேட்பார். இது கோமாளித்தனம் இல்லை. பக்கத்தில் காதைக் கிழிக்கும் தட்டு கடைசி வரிசைக்குப் போவதற்குள் இளைத்துவிடும். பக்கத்தில் கரகரப்பாகத் தெரிவது தூரத்தில் இனிமையாகிவிடும். ஜனம் உட்காருவது தூரத்தில்தானே. பையனுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. "சார், பில் போட்டுடலாமா?" என்பான். "அடுத்த மாசம் வரேன் தம்பி." அந்த அடுத்த மாசம் எந்த வருஷத்தது என்று அவனும் கேட்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இவரை மிஞ்ச முடியாது. கையில் இருக்கிற காசை எதில் போடுவது என்ற கணக்கு. நிமிடத்துக்கு 100 தாளம் ஓடும் நாலு நிமிடப் பாட்டில் 400 தாளம். தாளத்துக்கு இரண்டாக ஹை-ஹாட்டில் 800 அடி. கிராஷ் சிம்பலுக்குப் பல்லவி தொடக்கம், சரணத்தின் முடிவு என்று மொத்தமே இருபது அடி வந்தால் அதிகம். ஆனால் புதிதாக வாங்கும் பையன்கள் பளபளப்பைப் பார்த்துக் கிராஷில் காசைக் கொட்டுவார்கள். நம்மவர் 14 அங்குல ஹை-ஹாட் ஜோடிக்கே முதல் மரியாதை செய்வார், அடுத்து 20 அங்குல ரைடு. கிராஷ் பித்தளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் இரைச்சலில் எவனுக்குத் தெரியப்போகிறது என்பார்.

புதிதுக்கு வழியில்லாததால் செகண்ட் ஹேண்ட். "ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான் அடிச்சதுணா" என்று எல்லாச் சிம்பல்காரனும் சொல்வான். கேட்டால், ஊரில் ஒரே ஒரு கல்யாணம்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இவர் பதில் பேசாமல் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுவார், விரிசல் இருந்தால் நகம் தடுக்கும். நடுத்துளை வட்டமாக இருக்கிறதா, ஸ்டாண்டுக் கம்பி உராய்ந்து சாவித்துவாரமாக நீண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். விரிசலின் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டு, மேலும் ஓடாமல் நிறுத்தியிருந்தால் விலை பாதிக்கும் கீழே. இப்படித்தான் ஆவடியில் ஒரு பி20 ஹை-ஹாட் ஜோடி கிடைத்தது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் வெவ்வேறு வரிசை, ஆனால் சேர்ந்து அடித்தால் பிரமாதம். துளை தேயாமலிருக்க, மெக்கானிக் கடையில் பைக் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு வாங்கி, தட்டு உட்காரும் கம்பிகளுக்கெல்லாம் சட்டை போட்டார்.

பதினைந்து வருடப் புகை படிந்த அந்த மாநிறத்தை இவர் கேரக்டர் என்றார். அம்மா அழுக்கு என்றார். இவர் ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் புளியும் பித்தளைப் பவுடரும் போட்டுத் தேய்த்து, கம்பெனி பெயர் உள்பட அத்தனையையும் கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்திருந்தார். "எவ்ளோ பாசி! இதைத் தொட்ட கையோடவா சோறு தின்னே?" நம்மவர் சுண்டிப் பார்த்தார். சத்தம் பெரிதாகக் கெடவில்லை, சற்றே கூர்மையாகியிருந்தது. இனி விற்கும்போது எந்தக் கம்பெனி என்று எவனும் நம்பமாட்டான், அவ்வளவுதான்.

குழுத் தலைவருக்கோ இந்தத் தேடல் எதிலும் ஈடுபாடில்லை. டிரம் செட்டை ஏற்றி இறக்க ஆகும் ஆட்டோ செலவில், ஒரு ரோலண்ட் எலக்ட்ரானிக் பேடை மடியில் வைத்துக்கொண்டே கச்சேரியை முடித்துவிடலாம் என்பது அவர் சித்தாந்தம். பல குழுக்களில் அதுதான் நடக்கிறது. "சிவமணி சூட்கேஸ்லயே வாசிக்கலையா?" என்று மடக்குவார். "சூட்கேஸ் நான் கொண்டாரேன், அந்தக் கையை நீங்க வாங்கிக் குடுங்க" என்பது நம்மவரின் நிலையான பதில்.

போன முகூர்த்தத்தில் புது ஹை-ஹாட்டின் அரங்கேற்றம். மூன்றாவது பாட்டில், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையோரமாக வந்து குனிந்தார்.

"தம்பி, கால்ல மிதிச்சு கையில அடிக்கிறியே, அந்தத் தட்டு இன்னாப்பா?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். நம்மவர் முகம் மலர்ந்து, "பி20 சார்!" என்றார்.

"சம்பந்தி பேசுறது ஒன்னும் காதுல விழல. பி10 இருந்தா அத்த வெச்சு அடிப்பா."