மூணே மரம்தான்

மரம் அறுக்கிற மிஷினை விற்க நினைக்கிற மனிதர் எடுத்த எடுப்பில் விலை சொல்லமாட்டார். முதலில் வரலாறு.

"கஜாவுக்கு வாங்குனது தம்பி. மூணே மரம்தான் அறுத்திருக்கு."

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்துப்போட்டது. அண்ணன் தோப்பில் மட்டும் மூன்று மரத்தோடு மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது போலும்.

மிஷினுக்கு இந்தக் கதை தெரியாது. பாரின் விளிம்பு தேய்ந்து செயின் இப்படியும் அப்படியும் ஆடும். ஸ்ப்ராக்கெட்டில் விரல் வைத்தால் பள்ளம் தட்டும். அரம் போட்டு அரம் போட்டுச் செயின் பல் பாதியாகியிருக்கும். தென்னை செயினைச் சீக்கிரம் மழுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று தென்னைக்கு இவ்வளவு ஆத்திரம் ஆகாது.

"பல்லு தேஞ்சிருக்கேண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறொரு மிஷினிலிருந்து வரும்.

"ஸ்டில் 462 ஆறு கிலோ. ஹஸ்க்வர்னா 572 அதைவிட அரைக் கிலோ கூட. பவரு ஒண்ணு 4.4 கிலோவாட், இன்னொண்ணு 4.3. அதுல பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா நாள் முச்சூடும் தூக்கிப் பிடிக்கிறவனுக்கு அந்த அரைக் கிலோ சாயங்காலம் அஞ்சு கிலோவாயிடும் தம்பி."

கம்ப்ரெஷன் எப்படி என்று கேட்டால் 661க்கு ஏறிவிடுவார்: 91 சிசி, 5.4 கிலோவாட். "ஆயில் ஒழுகுதேண்ணே" என்றால் ஹஸ்க்வர்னா 395, கிட்டத்தட்ட 94 சிசி. கேள்வி எவ்வளவு சங்கடமானது என்பதை அவர் சொல்லும் சிசியை வைத்தே அளந்துவிடலாம். அதற்கு மேலும் நெருக்கினால், ஹஸ்க்வர்னா 1689இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி, ஸ்டில் 1926இல்தான் பிறந்தது என்று ஐரோப்பாவுக்கே போய்விடுவார். அங்கே போய் யார் மறுகேள்வி கேட்பது?

குறை எல்லாமே அவர் வாயில் குணமாகும். 462இல் கார்புரேட்டர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பார். இதில்? "இதுல நீங்களே திருகிக்கலாம். எல்லாம் நம்ம கையில இருக்கும்." லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்பது கணக்கு. "ஆயில் விஷயத்துல நான் கஞ்சத்தனமே பண்றதில்ல" என்று கயிற்றை இழுப்பார். ஒரே இழுப்பில் மிஷின் உறுமும். தோப்பு புகையில் மறையும். "கொசுத் தொல்லையே கிடையாது தம்பி."

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. அவர் சொல்லும் எண்களில் பிழையே இருக்காது, மூன்றைத் தவிர. கடைக்காரரைவிட அவருக்கு மிஷின் தெரியும். சிக்கல் என்னவென்றால், வாங்க வந்த பையன் தன்னால் வாங்கவே முடியாத நாலு மிஷின்களைப் பற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு, வாங்கப்போகும் ஒன்றைப் பற்றி எதுவும் தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பான். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனதே, அது போதும் அவனுக்கு.

கைக்குக் காசு வந்ததும் அண்ணனுக்குச் சும்மா இருக்க முடியாது. அடுத்த ஊரில் பழைய மிஷின் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு வண்டியை எடுப்பார். அங்கே நிற்பவர் அன்போடு கயிற்றை நீட்டுவார்: "இழுத்துப் பாருங்கண்ணே, ஒரே இழுப்பு."

அண்ணன் கயிற்றைத் தொடமாட்டார். ஆறிக் கிடக்கிற மிஷின் நாலைந்து தடவையாவது இழுக்கவைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? புறங்கையை மெல்ல சிலிண்டர் பக்கம் கொண்டுபோவார்.

"சுடுதே தம்பி. நான் வர்றதுக்கு முன்னாடி யாரு ஓட்டுனது?"

"அது வந்துண்ணே… ஸ்டில் 661 பாத்திருக்கீங்களா?"