விடைக்கேற்ற ஊசல்

கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்திலிருந்து காலையிலேயே பஸ் பிடித்துச் சித்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ படிக்கப் போகும் இயற்பியல் மாணவர்களுள், எதிர்பாராத அளவீட்டைத் தம் ஜாதகக் கோளாறாகவே கருதும் ஒரு வகையினர் உண்டு. இவர்கள் இல்லாத கல்லூரியே கிடையாது என்பதால், இதில் அவ்வூருக்கெனத் தனிப் பெருமை ஏதுமில்லை.

இவ்வகை மாணவரின் திறமை முழுதும் வெளிப்படுவது தனி ஊசல் சோதனையில்தான். நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் அலைவு நேரம் எனப்படும். தொங்குமிடத்திலிருந்து குண்டின் மையம் வரையுள்ள நீளத்தை அந்நேரத்தின் இருமடியால் வகுத்து, 4π² ஆல் பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது g, கிடைக்கும். குண்டை விட்டவுடனேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குபவர், 19 அலைவுகளின் நேரத்தை 20 அலைவுகளின் கணக்கில் எழுதிவிடுவதால், 9.8 வரவேண்டிய இடத்தில் அவருக்கு 10.86 வருகிறது. மறுபடி எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடும் இச்சிக்கலுக்கு, முதலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மீதும், அடுத்து ஸ்டாப் வாட்சின் மீதும், கடைசியில் கூட்டாளியின் மீதும் பழி விழுகிறது. பின்னர் ரஃப் நோட்டு மூடப்பட்டுச் சீனியரின் ரெக்கார்டு திறக்கப்படுகிறது. சோதனைச் சாவடிக்கு வரும் லாரியில் சரக்குக்கேற்பச் சீட்டு எழுதாமல், சீட்டுக்கேற்பச் சரக்கு ஏற்றுவதுபோல, 9.81 என்னும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வினாடிகள் தயாரிக்கப்படுகின்றன. ஐயம் எழாதிருக்க, கடைசி இலக்கத்தில் கொஞ்சம் பிழையும் தூவப்படுகிறது. ஆனால் 9.81 என்பது இலண்டன் போன்ற நடு அட்சரேகை இடங்களுக்குரிய மதிப்பு. நிலநடுக்கோட்டை அண்டிய பாலக்காட்டுப் பகுதியில் அது ஏறத்தாழ 9.78தான். கடவுச்சீட்டு இல்லாமலேயே இலண்டனின் ஈர்ப்பை அளந்துவிடும் சாமர்த்தியம் இவருடையது.

இதே பாலக்காட்டின் கல்பாத்தியில் 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், 1923இல் கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தபோது, நீர் சிதறடித்த ஒளியில், அங்கே இருக்கக்கூடாத மங்கலான வேற்று நிறக் கூறு ஒன்றைக் கண்டார். அவரும் முதலில் நீரிலுள்ள மாசைத்தான் சந்தேகித்தார். ஆயினும் நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மையாக்கியும் அது மறையாதபோது, ‘வலுவற்ற ஒளிர்வு’ என்று பெயரிட்டு உள்ளபடியே பதிவு செய்தார். 1928இல் இராமன் விளைவு என அறியப்பட்டது அந்த மங்கல் ஒளியே. ஊசல் மாணவரின் கையில் அது சிக்கியிருந்தால், ரப்பருக்குத்தான் வேலை வந்திருக்கும்.

வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில், “பிழை எங்கெல்லாம் வரலாம், சொல்லுப்பா” என்று புறத்தேர்வாளர் கேட்டால், “எனக்குப் பிழையே வரலைங்க சார்” என்று நெஞ்சு நிமிர்த்துபவரும் இவரே. அதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுவதும் உண்டு.