சஞ்சயப் பார்வை படைத்த உணவு உதவி அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ‘ஸ்னாப்’ என்ற உணவு உதவியை வாங்குபவர் உடல் திடத்தோடு இருந்து, வீட்டில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையும் இல்லையென்றால், மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு 36 மாதத்தில் 3 மாதம்தான் உதவி. 1996இல் வந்தபோது இந்த விதி 50 வயதுக்குட்பட்டவர்களோடு நின்றது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதை 54 வரை நீட்டியது. 2025 ஜூலை 4 அன்று, அதாவது சுதந்திர தினத்தில், கையெழுத்தான சட்டம் 64 வரை கொண்டுபோனது. வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 2023இல் தந்த விலக்கையும் அதே சட்டம் திரும்ப வாங்கிக்கொண்டது.

80 மணி எட்டாமல் போனதற்கு ஏற்கத்தக்க காரணங்கள் விதியிலேயே இருக்கின்றன: தன் நோய், வீட்டில் கூட இருந்து பார்க்க வேண்டிய இன்னொருவரின் நோய், குடும்பத்தில் அவசரம், போக்குவரத்து கிடைக்காமை. இவை உதாரணங்கள் மட்டுமே. கைமீறிய எந்தக் காரணமும் செல்லும், வேலைக்கு வராதது தற்காலிகமாக இருந்தால் போதும். வேலையை மறுப்பதற்கும் இடமுண்டு. போய்வர நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகிற வேலையை, வேலைநிறுத்தம் நடக்கிற இடத்தில் கிடைக்கிற வேலையை வேண்டாம் எனலாம். சம்பளத்தை உரிய நாளில் தராத முதலாளியை விட்டு விலகலாம். படித்தால் தாய்மாமன் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கும்.

இந்த வரிசையில் மிக அழகானது உடல்நிலை பற்றிய பிரிவு. வேலை செய்ய முடியாதவர் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் மருத்துவரின் கடிதம் தேவையில்லை, அலுவலகமே பார்த்து முடிவு செய்யலாம். நேர்காணலோ பெரும்பாலும் தொலைபேசியில். குருட்சேத்திரத்தை அரண்மனையில் இருந்தபடியே பார்த்த சஞ்சயனுக்கு அந்தப் பார்வையை வியாசர் தந்தார். அலுவலகத்துக்கு யார் தந்தது என்று விதிநூலில் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வை இருக்கிறது. தேய்ந்த முழங்கால், நழுவிய முதுகுத் தட்டு எல்லாம் ஒலிவாங்கி வழியாகவே அதற்குத் தெரிந்துவிடுகின்றன.

அண்மையில் முடிந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர் 58 வயதுக்காரர், கிடங்கில் பெட்டி ஏற்றுபவர், வாரம் 20 மணி நேர ஷிப்ட். கிடங்குக்குள் செல்பேசி கூடாது. பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய வேலை நேரத்தைச் சரிபார்ப்பதற்காக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 முதல் 12க்குள் அழைப்பதாக அலுவலகம் கடிதம் அனுப்பியது. அவர் 4 மணி நேர ஷிப்டை விட்டுவிட்டு, சமையலறை மேசையில் சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, செல்பேசியைச் சார்ஜரில் செருகி உட்கார்ந்திருந்தார். அழைப்பு வரவில்லை. மாத முடிவில் கணக்கு 76 மணி. முந்தைய இரண்டு மாதம் கிடங்கே ஷிப்டைக் குறைத்திருந்ததால், இது அவருடைய மூன்றாவது மாதமாக எழுதப்பட்டது.

அடுத்த வாரம் 50 நிமிடம் இசை கேட்டபின் ஓர் அதிகாரி கிடைத்தார். காய்ச்சலா? இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. பேருந்து? ஓடியது. அலுவலகத்தின் அழைப்புக்காகக் காத்திருந்ததே காரணம் என்றால் அதற்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சி தரக்கூடியது அலுவலகம் மட்டும். அலுவலகம் அப்படிப்பட்ட கடிதம் தருவதில்லை. கடைசியாக அவர் முதுகுவலியைச் சொல்லிப் பார்த்தார். “குரல் நல்லா திடமாத்தானே இருக்கு” என்று பதில் வந்தது. சஞ்சயன்கூட இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை.

80க்கும் 76க்கும் நடுவில் இருப்பது ஒருவருடைய சோம்பல் இல்லை. அலுவலகம் தின்ற 4 மணி நேரம். தின்றவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் ஒரு டாலர் குறையாமல் வந்திருக்கும். தனியாளுக்கு 2026 நிதியாண்டில் உச்சபட்சமே மாதம் 298 டாலர். அதில் சூடான ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்கூட வாங்க முடியாது. இதைப் பிடுங்குவதற்கு 58 வயதில் பெட்டி சுமக்கிற மனிதரின் குரலை எடைபோட்டீர்களே, கொஞ்சமும் கூசவில்லையா?

நிற்க. அலுவலகத்தின் பெருந்தன்மைக்கு வேறு சான்றுகளும் உண்டு. வரம்புக்குள் வருகிறவர்களில் 8 சதவீதம் என்று கணக்கிட்டு, மாநிலம் தன் விருப்பப்படி வழங்க விலக்குகள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்த மாநிலங்கள் பல. உதவியை இழந்தவர் தொடர்ந்த 30 நாளில் 80 மணி நேரம் வேலை செய்து மறுபடி உள்ளே வரலாம். அந்த 30 நாளும் அவர் என்ன சாப்பிடுவார் என்பது சஞ்சயப் பார்வைக்கு எட்டியிருக்கக் கூடும், விதியில் எழுதவில்லை.

முடிவு தவறென்று நினைப்பவர் 90 நாளுக்குள் மேல்விசாரணை கேட்கலாம். மேற்படி 58 வயதுக்காரர் கேட்டார். உடனே தேதி குறித்துக் கடிதம் வந்துவிட்டது: விசாரணை தொலைபேசியில், செவ்வாய்க்கிழமை, காலை 8 முதல் 12க்குள்.