இரண்டு இருக்கையும் நான்கு பேரும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வாழும் நடுத்தர வர்க்கக் குடும்பத் தலைவர்களுள், ஐம்பது வயதைக் கடந்து, வீட்டுக் கடனை ஏறத்தாழ அடைத்துவிட்டு, இனித் தமக்கென்று ஒன்றை வாங்கிக்கொள்ளும் முறை வந்துவிட்டதாகக் கருதும் ஒரு வகையினர் உண்டு. இவர்களுள் பலருடைய ஆசை சுற்றிச் சுற்றி வந்து நிற்குமிடம், செவர்லே நிறுவனத்தின் கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். ஸ்போர்ட்ஸ் கார் என்பது தாழ்ந்த உடலும் மிகுந்த வேகமும் கொண்டு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முழங்கால்களின் முழு ஒத்துழைப்பை வேண்டி நிற்கும் ஊர்தி. அவ்வொத்துழைப்பு தாராளமாகக் கிடைக்கும் வயதில் அதை வாங்கப் பணம் இருப்பதில்லை என்பதும், பணம் சேரும் வயதில் முழங்கால்கள் வேறு கருத்துக் கொண்டிருக்கின்றன என்பதும் இத்துறையில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மைகள்.

கார்வெட் முதன்முதலாக 1953 சனவரியில் நியூயார்க் நகரக் கண்காட்சி ஒன்றில் காட்டப்பட்டது. அவ்வாண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் 300 கார்கள் மட்டுமே பெரும்பாலும் கைவேலையாகச் செய்யப்பட்டன. அனைத்தும் வெள்ளை நிறம், உட்புறம் சிவப்பு. அடுத்த ஆண்டு உற்பத்தி செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய், 1981இல் கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் என்ற நகருக்கு வந்து சேர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், 1994இல் தேசிய கார்வெட் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இத்தகவல்களை இங்கே சொல்லவேண்டிய தேவை, மேற்கூறிய குடும்பத் தலைவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இவை ஏற்கெனவே மனப்பாடம் என்பதுதான். வாசகரும் அவர்களுக்குச் சமமான நிலையில் இருந்தாலன்றி மேலே சொல்லப்போவதை உணர முடியாது.

காரை வாங்கும் எவரும் தம் ஊர் டீலரிடமே பெற்றுக்கொள்ளலாம். சிகாகோவின் புறநகரில் வாழ்பவர் என்றால், லாரி காரை ஏற்றிக்கொண்டு வந்து அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இறக்கிவிடும். ஆயினும் ஆர்டர் படிவத்தில் ஆர்8சி என்றொரு குறியீடு உள்ளது. கூடுதல் கட்டணம் செலுத்தி இதைத் தேர்ந்தெடுப்பவர், காரை அருங்காட்சியகத்திலேயே சென்று பெற்றுக்கொள்ளும் உரிமையை அடைகிறார். அதாவது, கார் ஒரு மைல் தூரங்கூட நகராமல் காத்திருக்க, அதன் உரிமையாளர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பயணம் செய்து அதன் முன் போய் நிற்பார். வீடு தேடி வரும் பொருளைத் தேடிப் போவதற்குத் தனிக் கட்டணம் என்னும் இந்த ஏற்பாட்டை மனைவியிடம் விளக்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது.

ஆர்டர் கொடுத்த நாள்முதல் கார் உருவாகும் நாள்வரை அவர் வேறொரு மொழியில் பேசத் தொடங்குகிறார். உற்பத்தியாளர் ஒவ்வோர் ஆர்டரின் நிலையையும் ஓர் எண்ணால் குறிக்கிறார்: 3000 என்றால் உற்பத்திப் பிரிவு ஆர்டரை ஏற்றுக்கொண்டது, 3400 என்றால் பாகங்களுக்கான ஆணை தொழிற்சாலைக்குள் போய்விட்டது, 3800 என்றால் கார் செய்து முடிக்கப்பட்டது. இரவு உணவின்போது, பதினோரு வயது மகன் பள்ளியில் பல் உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கையில், கைப்பேசியைப் பார்த்தபடி "மூவாயிரத்து நானூறு!" என்று அவர் உரக்கச் சொல்வதும், பல் மருத்துவருக்குக் கட்டவேண்டிய தொகை அதுவென்று எண்ணி மனைவி திடுக்கிடுவதும் இக்காலத்தில் நிகழக்கூடியவை. பதினைந்து வயது மகள் மட்டும் எதற்கும் தலை நிமிர்வதில்லை. காரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க அவள் கருத்து ஒருமுறை கேட்கப்பட்டு, அது ஏற்கப்படாததிலிருந்து அவள் இவ்விவகாரத்தில் நடுநிலை வகிக்கிறாள்.

பயணத்தைக் குடும்பத்தாரிடம் முன்வைக்கும் முறையில்தான் இவ்வகை மனிதரின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. காரை எடுக்கப் போகிறோம் என்று அவர் சொல்வதில்லை. கோடை விடுமுறைக்கு மாமத் குகையைப் பார்க்கப் போகிறோம் என்றே சொல்கிறார். பௌலிங் கிரீனுக்கு வடகிழக்கே, ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தொலைவில், உலகில் இதுவரை அளக்கப்பட்ட குகைகளிலெல்லாம் நீளமான இக்குகை உள்ளது. அதன் கிளைகள் 680 கிலோமீட்டருக்கும் மேல் அளக்கப்பட்டுள்ளன. இயற்கை விரும்பியான மனைவி பல்லாண்டுகளாகப் பார்க்க விரும்பிய இடம் அது. பல்லாண்டுகளாக விடுப்புக் கிடைக்காத கணவருக்கு இவ்வாண்டு கிடைத்துவிட்டதில் அவர் வியப்படைவதில்லை. திருமணமான பெண்களின் நுண்ணறிவு இத்தகைய இடங்களில் அடக்கமாகவே வெளிப்படும்.

குடும்பத்தின் மினிவேனில் புறப்பாடு விடியற்காலையில் நிகழ்கிறது. ஐ-65 என்னும் நெடுஞ்சாலை இண்டியானா மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காகப் பிளந்து, இண்டியானாபோலிஸ், லூயிவில் நகரங்களைத் தொட்டு, அருங்காட்சியகத்தின் வாசலருகிலேயே செல்கிறது. வழியில் நேர மண்டலம் மாறுவதால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவி, லூயிவிலைத் தாண்டியபின் மீண்டும் பின்னே வருகிறது. முதல் மாற்றத்தில் தாமதமாகிவிட்டதென்று பதறி, காலை உணவுக்கு நிறுத்தாமல் ஓட்டிய குடும்பத் தலைவர், இரண்டாம் மாற்றத்தில் திரும்பக் கிடைத்த ஒரு மணி நேரத்தைத் தம் ஓட்டும் திறத்தால் மிச்சப்படுத்தியதாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். பசித்திருந்தவர்கள் எதுவும் சொல்வதில்லை. மகன் மட்டும் சொல்கிறான்.

அருங்காட்சியகத்தில் அவரைவிட மனைவிக்கே எதிர்பாராத மகிழ்ச்சி காத்திருக்கிறது. 2014 பிப்ரவரி 12ஆம் நாள் அதிகாலையில், கட்டடத்தின் கூம்பு வடிவக் கூடமொன்றில் தரை திடீரென உள்வாங்கி, ஏறத்தாழ 12 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் எட்டு கார்வெட்டுகள் விழுந்தன. ஆள் இல்லாத நேரமாகையால் எவருக்கும் காயமில்லை. அவ்வட்டாரத்து நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைத்துக் குகைகளை உண்டாக்குவதும், ஒரு குகையின் கூரை இற்று விழும்போது மேலிருக்கும் நிலம் அமிழ்வதும் அங்கு இயல்பு. மாமத் குகையைப் படைத்த அதே நீரும் பாறையுமே இதற்கும் காரணம். விழுந்த எட்டும் வெளியே எடுக்கப்பட்டன; அவற்றுள் 1992இல் உருவான பத்து லட்சமாவது கார்வெட் உட்பட மூன்று சீர்செய்யப்பட்டன, எஞ்சியவை நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. பள்ளத்தைக் காண அதன்பின் பெருங்கூட்டம் வந்ததென்பது மனித இயல்பு குறித்த தனி ஆய்வுக்கு உரியது. கணவர் நசுங்கிய கார்களின் முன் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் கைகட்டி நிற்க, மனைவியோ நிலவியல் விளக்கப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஊன்றிப் படிக்கிறார். குகையைப் பார்க்க நேரமில்லாமல் போய்விடுமோ என்ற அவருடைய ஐயம் இங்கே பாதி தீர்ந்துவிடுகிறது.

புதிய கார் அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே, வழுவழுப்பான தரைமேல், உரிமையாளரின் பெயர்ப் பலகையோடு நிறுத்தப்பட்டிருக்கும். அருங்காட்சியக ஊழியர் ஒருவர் ஒவ்வொரு பொத்தானையும் விளக்குவார். 2020ஆம் ஆண்டுக்கான எட்டாம் தலைமுறைக் கார்வெட்டிலிருந்து என்ஜின் முன்னால் இல்லை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மாடலில் அது எட்டு சிலிண்டர், 6.2 லிட்டர், 495 குதிரைத்திறன் வரை. நின்ற நிலையிலிருந்து மூன்று வினாடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வல்லது. இவை அனைத்தையும் ஊழியரைவிட நன்கறிந்த குடும்பத் தலைவர், முதன்முறை கேட்பவர்போலத் தலையசைத்துக் கேட்கும் பணிவு, அவருடைய குடும்பத்தார் வேறெங்கும் கண்டிராதது. விளக்கம் முடிந்ததும் கதவுகள் திறக்கப்படும். அவர் காரை மெல்ல வெளியே ஓட்டிவர, முன்பின் அறியாத பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். முப்பதாண்டு உழைப்பில் அலுவலகத்தில் ஒருமுறையும் கிடைக்காத கைதட்டல் இது. கட்டணம் எதற்கென்ற கேள்விக்கு நேர்மையான விடை இதுதான் என்று தோன்றுகிறது. அவ்வகையில் விலை அதிகமுமில்லை.

கைதட்டல் ஓய்ந்தபின், வாகன நிறுத்துமிடத்தில், மூன்று மாதங்களாக எவரும் வாய்விட்டுக் கேட்காத கணக்கு எழுகிறது. கார்வெட்டில் இருக்கைகள் இரண்டு, வந்திருப்போர் நால்வர். கார்கள் இரண்டு; ஓட்டுநர் உரிமம் உடையவர்களும் இருவரே. எனவே கணவன் மனைவி இருவரும் அக்காரில் சேர்ந்து போவது எவ்விதத்திலும் இயலாது. மலைச்சாலையில் இருவரும் கூரையைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கப் போகும் காட்சியைச் சொல்லித்தான் கடன் பத்திரத்தில் மனைவியின் கையொப்பம் பெறப்பட்டது; அக்கையொப்பத்தை இட்ட கை இப்போது மினிவேனின் சாவியை வாங்கிக்கொள்கிறது. எஞ்சிய ஒற்றை இருக்கைக்கு மகன் துடிக்கிறான். பன்னிரண்டு வயதுவரை குழந்தைகள் பின் இருக்கையிலேயே அமரவேண்டும் என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை என்று தாய் நினைவூட்டுகிறார். பின் இருக்கை இல்லாத காரில் இவ்வறிவுரைக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. ஆக, இதில் எள்ளளவும் ஆர்வமில்லாத மகளே தந்தையின் அருகில் அமர்த்தப்படுகிறாள். இருவருக்கும் நடுவே ஏசிப் பொத்தான்கள் வரிசையாக ஏறிச்செல்லும் ஒரு நீண்ட மேடு. 2025ஆம் ஆண்டு மாடல் வரை இருந்த இந்த அமைப்பை விமரிசகர்கள் சுவர் என்றே அழைத்தனர். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காதொலிக் கருவியைச் செருகிக்கொள்கிறாள்.

நான்கு இருக்கைக் கார்வெட் ஒன்றைச் செய்துபார்க்கும் எண்ணம் 1960களின் தொடக்கத்தில் நிறுவனத்துக்கே இருந்தது. மாதிரி ஒன்றும் உருவானது. அப்போதைய ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜான் கார்டன் அதன் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததாகவும், முன் இருக்கை மடங்க மறுத்து அவர் உள்ளேயே மாட்டிக்கொண்டதாகவும், இருக்கையைக் கழற்றி அவரை வெளியே எடுக்க நேர்ந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைவரின் முழங்கால் எத்தனை குடும்பங்களின் பயணத் திட்டத்தை மாற்றியிருக்கிறது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

திரும்பும் பயணத்தின் இயல்பைத் தீர்மானிப்பது ரன்னிங் இன் என்னும் கட்டுப்பாடு. புதிய என்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகிப் படியும்வரை அதை அடக்கி ஓட்டவேண்டும் என்பதே இதன் பொருள். முதல் 500 மைலுக்கு, அதாவது 800 கிலோமீட்டருக்கு, என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 4,000ஐத் தாண்டலாகாது, முழு வேகத்தில் கிளப்பலாகாது, ஒரே சீரான வேகத்திலும் நெடுநேரம் போகலாகாது என்கிறது கையேடு. கையேட்டை வேதமாகக் கொண்ட குடும்பத் தலைவர் மணிக்கு 110 கிலோமீட்டருக்குப் போவார், 90க்கு இறங்குவார், மீண்டும் ஏறுவார். பெட்டிகள், குளிர்பானப் பெட்டி, மகன் ஆகிய அனைத்தையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் மனைவி, கையேட்டைப் படிக்காதவராகையால், கணவருக்கு மயக்கம் வருகிறதோ என்று முதல் அரை மணி நேரம் கவலைப்பட்டு, பிறகு முந்திச் சென்றுவிடுகிறார். மூன்று வினாடியில் பாயவல்ல காரைப் பதினைந்தாண்டு பழைய மினிவேன் கடந்து போகும்போது, அதன் பின் சன்னலில் மகனின் முகம் நெடுநேரம் தெரிகிறது.

இதற்கிடையே எதிரே கார்வெட் வரும்போதெல்லாம் கையை உயர்த்தவேண்டும். கார்வெட் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் கையசைப்பது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். முதல் கையசைப்பைத் தந்தை தவறவிட்டு, அடுத்த இருபது கிலோமீட்டருக்கு வருந்துகிறார். மகள் காதொலிக் கருவியைக் கழற்றாமலே இரண்டாவதற்குக் கையசைக்கிறாள். பானெட்டில் மோதி இறந்த பூச்சியைத் துடைக்க அவர் மும்முறை நிறுத்துகிறார்.

பௌலிங் கிரீனிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 410 மைல். அதாவது, வீட்டு வாசலில் நிற்கும்போது அடக்கி ஓட்டவேண்டிய தொலைவில் இன்னும் 90 மைல் பாக்கி. வாங்கிய வேகத்தில் ஒரு துளியையும் அவர் இன்னும் காணவில்லை. 1953 முதல் இன்றுவரை பின் இருக்கையுள்ள கார்வெட் ஒன்றுகூட விற்பனைக்கு வந்ததில்லை. ஆகவே ஆர்8சி கட்டத்தில் குறியிட எண்ணும் நால்வர் குடும்பத்தார், புதிய காருக்குப் பணம் போதவில்லை என்பதற்காக மினிவேனை முன்கூட்டியே விற்றுவிட வேண்டாம்.