முன்பக்கம் ஸ்டெதாஸ்கோப், பின்பக்கம் ஆல்ப்ஸ்

அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் விளக்க ஏட்டில் மருத்துவம், சட்டம் படிக்க ஆயத்தமாகும் 'ப்ரீ-மெட்', 'ப்ரீ-லா' இரண்டும் தவறாமல் இருக்கும். பெரும்பாலும் இவை பட்டமே அல்ல, வெறும் ஆலோசனை. மருத்துவக் கல்லூரிக்குத் தேவையான அறிவியல் பாடங்களை முடித்து எம்கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் வரலாற்றுப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். சட்டம் படிக்க இன்ன பாடம் என்று தாங்கள் பரிந்துரைப்பதில்லை என அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே சொல்கிறது. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் பெற்றோர் கண்ணுக்குப் பிள்ளை கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தெரிந்துவிடுகிறது.

அடுத்த பக்கம் வெளிநாட்டுப் படிப்பு. உதாரணத்துக்கு, மோட்டார் உதிரிபாக வியாபாரி ஜார்ஜ் பெப்பர்டைன் 1937இல் தொடங்கிய பெப்பர்டைன் பல்கலைக்கழகம், 1963 முதல் ஜெர்மனியின் ஹைடல்பர்கிற்கு மாணவர்களை அனுப்புகிறது. ஃபுளோரன்ஸ், லண்டன் எல்லாம் பிறகு வந்தவை. 2019இல் சுவிட்சர்லாந்தில் ஒரு பழைய மாளிகையையே வாங்கிவிட்டார்கள். பணக்காரன் பரலோகம் போவதைவிட ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்ற இயேசுவின் உபதேசத்தை அங்கே எந்த அறையில் வாசிக்கிறார்களோ! உலகத்தைப் பார்த்தால்தானே சேவை மனம் வரும் என்பார்கள். வரட்டும். நோயாளியும் ஏழையும் உள்ளூரிலேயே இருக்க, அதற்கு ஆல்ப்ஸ் அடிவாரம்தான் வேண்டுமா? அப்படியானால் ப்ரீ-மெட் ஆலோசகரால் பயனில்லையா என்றால், உண்டு: கரிம வேதியியலை எப்போது எடுப்பது, எந்தப் பருவத்தில் ஐரோப்பா போனால் அது கெடாது என்று சொல்ல ஆள் வேண்டுமே. ஏட்டின் ஒரு பக்கத்தை மறுபக்கத்திடமிருந்து காப்பாற்றத்தான் அவருக்குச் சம்பளம். சேரப்போகிறவர்கள் மாளிகைப் படத்தை அப்புறம் பாருங்கள். போன வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள்.