பேறுகால நிதியமைச்சர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு பரோட்டாக் கடையில் கணவன் கார்டைத் தேய்க்கிறான். சிதம்பரத்தில், தாய்வீட்டுப் பின்கட்டில், பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாளே ஆனவளின் தலைமாட்டில் போன் ‘டிங்’ என்கிறது. அவன் கை கழுவி முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிடும்.

“என்னங்க, ஒத்த ஆளுக்கு 410 ரூபாயா?”

“கூட ரெண்டு பேர் வந்தாங்கம்மா...”

“ரெண்டு பேரு வந்தா 410ல முடியாது. கலக்கியும் சேத்து நீங்க ஒருத்தர்தான்.”

இவர்தான் பேறுகால நிதியமைச்சர். கார்டு அவள் பெயரில். அவன் சட்டைப்பையில் இருப்பது அதற்குக் கூடப் பிறந்த இன்னொன்று. எங்கே தேய்த்தாலும் மணி அடிப்பது சிதம்பரத்தில். ஐம்பது கிலோமீட்டருக்குள் என்றாலும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிற தூரம் அது. அதைக் கடந்து கணவன் என்ன தின்றான், எத்தனை மணிக்குத் தின்றான், தயிர்சாதம் என்று பொய் சொன்னானா என்று படுத்தபடியே சொல்லிவிடுவாள். நான் பார்த்த மூன்று பேரைக் கலந்து இங்கே ஒருத்தியாக்கியிருக்கிறேன். மூவரும் இதைப் படித்தால், அடுத்தவளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று சிரிப்பார்கள்.

வேலை தனியார் கம்பெனியில். மகப்பேறு நலச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 2017இல் திருத்தி, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்று ஆக்கினார்கள். அதில் பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரைதான் எடுக்கலாம். நம் அமைச்சர் அந்த எட்டையும் பிள்ளைக்கே மிச்சம் பிடிக்க நினைத்து, இடுப்பு வலி எடுக்கிற வாரம் வரை திருப்பாப்புலியூரில் பஸ் ஏறிக்கொண்டிருந்தவள். மாமியாருக்கு இதெல்லாம் பெருமையாகத் தெரியாது. அவருடைய தங்கை மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. “அவ பாரு, பிள்ளை நடக்கிற வரைக்கும் வீட்ல இருந்தா” என்பார். 26 வாரம் முடிகிற நேரம், குழந்தை குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற நேரம். எந்த அம்மாவுக்கு அப்போது கிளம்பக் கால் வரும்? ஆகவே சம்பளமில்லாமல் இன்னும் மூன்று மாதம். வரவு நின்றது அங்கே.

செலவுக்கு விடுப்பு கிடையாது. பிள்ளை பேரைச் சொல்லி வருகிற செலவை எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாதாம். பரங்கிப்பேட்டையிலிருந்து கூடையில் வருகிற பால்சுறாவைப் புட்டாக்கிப் போட்டால் பால் ஊறும்; சரி, அது சாப்பாடு. பிரசவ லேகியம், அதுவும் சரி. பதினாறாம் நாள் புண்ணியதானத்துக்கு வருகிற அத்தைகளுக்குப் புடவை? அரைஞாண் வெள்ளியில், கொலுசு வெள்ளியில், பால் சங்கும் வெள்ளியில்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி இலவசம். ஆனால் காய்ச்சல் வராத ஊசி வேண்டும் என்று காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டாகிறது. இத்தனையும் தேய்த்துத்தான்.

அமைச்சரின் பெரிய திட்டம் தள்ளுவண்டி. 13,999 ரூபாய், ‘வட்டியில்லாத் தவணை’. பரோட்டாவுக்கு விசாரணைக் கமிஷன் வைத்தவள் இதை ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் வாங்கினாள். வீட்டில் ஸ்டேட்மென்ட் படிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். மூன்று மணிக்குப் பால் கொடுக்க எழுந்தால் படிக்க வேறு என்ன இருக்கிறது? சங்கடம் என்னவென்றால், அதே மூன்று மணிக்கு அதே போனில் கடையும் திறந்திருக்கிறது. வண்டி வந்தது. கீழவீதிப் பக்கம் ஒருநாள் தள்ளிப் பார்த்தாள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது; ஒரு மாடு நகர மறுத்தது; ஷேர் ஆட்டோக்காரர் பிள்ளையை எட்டிப் பார்த்து ‘குட்டிக் காரா?’ என்று கேட்டார். அன்றிலிருந்து வண்டி மொட்டைமாடியில் நிற்கிறது. அதில் பூண்டு காய்கிறது. பூண்டுக் குழம்புக்கு ஆகும்.

கார்டு கொடுக்கும்போது பேங்கில் லிமிட் என்று ஒன்று சொல்வார்கள். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது பேசிக்கொண்டது இதுதான்: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்னமும் அந்தப் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறது. கம்பெனிக்காரன் இருந்ததிலேயே பெரிய பீரங்கியாகப் பார்த்து எடுத்துவந்து சுட்டானாம். நம் அமைச்சரும் 1,00,000 ரூபாய் லிமிட் என்றதும் அப்படித்தான் சுட்டாள். ஒரே வித்தியாசம், கம்பெனிக்காரன் குண்டு விழுந்த இடத்தில் வரி வசூலித்தான். இங்கே குண்டு விழுந்த இடத்திலிருந்து வசூலிக்க வேறொருவன் வருவான்.

ஆஸ்பத்திரி பில்லின் மீதி, ஊசி, வெள்ளி, வண்டி எல்லாம் சேர்ந்து 80,000 ரூபாய் நின்றது. இந்த இடத்தில் சிதம்பர ரகசியம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். அங்கே திரையை விலக்கினால் தங்க வில்வ மாலையாவது தொங்கும்.

ஸ்டேட்மென்ட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது இரண்டு தொகை. மொத்தம் 80,000. குறைந்தபட்சம் 4,000. கணவன் கண்ணுக்கு இரண்டாவது மட்டும் தெரியும். “நாலாயிரம்தானே, கட்டிட்டேன்” என்று மார்தட்டிக்கொள்வான். இவளோ படித்தவள். மூன்று மணிக்குக் கணக்குப் போட்டாள். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 2,800. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 504. ஆக 3,304. கட்டிய நாலாயிரத்தில் கடனில் கழிந்தது 696 ரூபாய். பாக்கி நிற்கிற வரை, நேற்று வாங்கிய டயப்பருக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடும். இவ்வளவும் தெரிந்துகொண்டே மறுமாதமும் நாலாயிரம்தான் கட்டினாள். சம்பளம் நின்ற வீட்டில் வேறு எதைக் கட்டுவது? தெரிந்திருப்பது ஒரு பக்கம், கையில் இருப்பது ஒரு பக்கம்.

இந்தச் சுழலை உடைத்தது அவள் அம்மா. அதுவரை பெண் ‘பைனான்ஸ் சார்ஜ்’ என்று சொல்லும்போதெல்லாம், அது ஏதோ ஆபீஸ் சமாசாரம் என்று வெந்நீர் வைக்கப் போய்விடுவாள். ஒருநாள் பூண்டு உரித்தபடி கேட்டாள்.

“ஏண்டி, நம்ம பாஷையில அது எவ்வளவு?”

பெண் யோசித்து, மெதுவாகச் சொன்னாள்: “மூன்றரை வட்டிம்மா.”

பூண்டு கையிலிருந்து விழுந்தது. “மூன்றரை வட்டியா! தெருக்கோடியில வட்டிக்கு விடுறவனே ரெண்டுக்குத் தர்றான், அவனையே ஊரு சபிக்குது. கோட்டும் சூட்டும் போட்டவன்கிட்ட மூன்றரைக்கு வாங்கிட்டு, தேங்க் யூன்னு மெசேஜ் வேற வருதா உனக்கு?”

ஆண்டுக்கு 42 சதவீதம் என்று அச்சடித்திருந்தபோது யாரும் அலறவில்லை. நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று சொன்ன பிறகுதான் வீடு விழித்தது. எல்லா பேங்கும் ஸ்டேட்மென்ட்டில் ‘மூன்றரை வட்டி’ என்று தமிழில் ஒரு வரி போட்டால் பாதிக் கார்டுகள் அன்றைக்கே உப்புப் பானைக்குள் போய்விடும் என்பது என் கட்சி.

மறுநாள் காலை அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கூட்டுறவு பேங்குக்குப் போனாள். அங்கே ஒரு வட்டியை ஒட்டித்தான். திரும்பி வந்தவள் முகத்தில் துக்கத்துக்குப் பதில் ஒரு கள்ளச் சிரிப்பு. “மூணே முக்கா பவுன்தான். அஞ்சுக்குள்ள இருக்கு.” 2021இல் கூட்டுறவில் அஞ்சு பவுன் வரை வைத்தவர்களுக்கு அரசு தள்ளுபடி அறிவித்தது அல்லவா? அந்தத் தடவை வைக்காமல் போனோமே என்ற ஆற்றாமை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த தேர்தலுக்குள் சங்கிலியை மீட்கும் அவசரம் அவளுக்குக் கிடையாது. நிதியமைச்சர் யார் என்பதில் எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது.

80,000 ரூபாயும் ஒரே அடியில் அடைந்தது. கணவனுக்கும் புத்தி வந்துவிட்டது. பத்து நாளாகக் கார்டில் பரோட்டா இல்லை. அமைச்சருக்கு அதுதான் பெரும் கவலை. “டிங் சத்தமே இல்லம்மா. ரொக்கம் குடுத்துத் திங்கிறாரு” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ‘டிங்’ என்றது. பரோட்டா இல்லை. பாக்கியை முழுதாகக் கட்டியதைப் பாராட்டி, லிமிட்டை 2,00,000 ஆக்கத் தயாராம். ஆம் என்று ஒரு பதில் போட்டால் போதுமாம்.

“அழிச்சிட்டியா?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

“ம்.”

போன் தலையணைக்குக் கீழே போனது. திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்த இன்னும் நாலு மாதம் இருக்கிறது.